வீட்டிலிருந்து டிரேடிங்: கம்ப்யூட்டர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டிரேடிங் தொடங்குபவர்களும் சரி, பல வருடமாகச் செய்பவர்களும் சரி, கம்ப்யூட்டர் விஷயத்தில் என்னிடம் கேட்பவை பெரும்பாலும் ஒரே சந்தேகங்கள்தான். அவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளைத் தொகுத்திருக்கிறேன். நாலைந்து சார்ட், ஒரு புரோக்கர் டர்மினல் (ஆர்டர் போட புரோக்கர் தரும் மென்பொருள்), கையால் போடும் ஆர்டர்கள் என்று வீட்டிலிருந்து டிரேட் செய்பவர்களை மனதில் வைத்து எழுதியது இது. மைக்ரோ வினாடிக்குப் போட்டி போடும் நிறுவனங்களின் தேவைகள் வேறு. அவற்றை இங்கே தொடவில்லை.

டிரேடிங் பண்ண எந்த மாதிரி கம்ப்யூட்டர் வேணும்? ஒரே வரியில சொல்லுங்க.

சமீபத்திய தலைமுறை நடுத்தர பிராசஸர், 16 ஜிபி ரேம், 500 ஜிபி எஸ்எஸ்டி, இரண்டு மானிட்டர் இணைக்கும் வசதி, கேபிள் வழி இணையம், ஒரு யுபிஎஸ். பெரும்பாலானவர்களுக்கு இதற்கு மேல் தேவைப்படாது.

பட்ஜெட்டில் மிச்சம் இருந்தால் பிராசஸரைக் கூட்டாதீர்கள். யுபிஎஸ், இரண்டாவது இணைய இணைப்பு, நல்ல மானிட்டர், இந்த வரிசையில் செலவழியுங்கள். பொசிஷன் (எடுத்துவிட்டு இன்னும் முடிக்காத டிரேட்) கையில் இருக்கும்போது கம்ப்யூட்டர் அரை வினாடி தாமதமானால் பெரிதாக ஒன்றும் ஆகாது. பத்து நிமிடம் நின்றுபோனால் கதை வேறு. இந்தப் பக்கத்தில் வரும் பதில்கள் எல்லாம் அந்தப் பத்து நிமிடத்தைத் தவிர்ப்பது பற்றியும், தவிர்க்க முடியாமல் அது வந்துவிட்டால் சமாளிப்பது பற்றியும்தான்.

வீட்ல ஏற்கெனவே ஒரு பழைய கம்ப்யூட்டர் இருக்கு. அதுவே போதுமா?

சோதித்துப் பார்த்துவிடலாம். சந்தை திறந்து பரபரப்பாக இருக்கும் முதல் அரை மணி நேரத்தில், வழக்கமாகத் திறக்கும் எல்லாவற்றையும் திறந்துவைத்துக்கொண்டு டாஸ்க் மேனேஜரைப் பாருங்கள். மெமரி 85 சதவீதத்தைத் தாண்டி அங்கேயே நின்றால் ரேம் போதவில்லை. டிஸ்க் 100 சதவீதத்தில் ஒட்டிக்கொண்டிருந்தால், அநேகமாக உள்ளே இருப்பது பழைய ஹார்ட் டிஸ்க். அதை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டால் அதே கம்ப்யூட்டர் ஆளே மாறிவிடும். பழைய கணினியில் செய்யக்கூடிய மாற்றங்களில் இதற்கு இணையாக வேறொன்றும் இல்லை.

இன்னொன்றையும் பார்க்க வேண்டும். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஓட டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி கணினியில் வேண்டும். இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசஸர் வேண்டும். பாதுகாப்பு அப்டேட் நின்றுபோன கணினியில் பணக் கணக்கைத் திறக்காதீர்கள். அது எவ்வளவு நன்றாக ஓடினாலும் சரி.

லேப்டாப் வாங்கலாமா, டெஸ்க்டாப் வாங்கலாமா?

ஒரே இடத்தில் உட்கார்ந்து டிரேட் செய்பவருக்கு டெஸ்க்டாப். அதே பட்ஜெட்டில் கூடுதல் திறன் கிடைக்கும், சூடு குறைவு, ஏதாவது பழுதானால் அந்தப் பாகத்தை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். லேப்டாப்பின் பெரிய பலம் உள்ளேயே பேட்டரி இருப்பது. பயணம் செய்பவர்களுக்கும் இடம் குறைவாக உள்ளவர்களுக்கும் அதுதான் சரி.

லேப்டாப்பை எந்நேரமும் சார்ஜரில் வைத்திருப்பவர்கள் அதன் அமைப்புகளில் சார்ஜ் வரம்பை 80 சதவீதத்தில் வைத்துவிடுங்கள். எப்போதும் 100 சதவீதத்தில் நிற்கும் லித்தியம் பேட்டரி சீக்கிரம் தேயும். சில சமயம் உப்பவும் செய்யும். டச்பேட் கிளிக் ஆகாமல் இறுகுவது, மூடி முழுதாக மூடாமல் ஒரு பக்கம் தூக்கி நிற்பது, மேசையில் வைத்தால் லேப்டாப் ஆடுவது, இதெல்லாம் பேட்டரி உப்பியதன் அறிகுறிகள். அப்படித் தெரிந்தால் அன்றே சார்ஜ் போடுவதை நிறுத்திவிட்டு பேட்டரியை மாற்றுங்கள். தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு.

ஐ5 போதுமா, இல்ல ஐ7, ஐ9 வேணுமா?

ஐ5 அல்லது ரைசன் 5 போதும். சார்ட் மென்பொருள்கள் பலவும் முக்கிய வேலையை ஒன்றிரண்டு கோர்களிலேயே செய்கின்றன. பதினாறு கோர் இருந்தாலும் மீதி சும்மாதான் இருக்கும். பெயரில் உள்ள எண்ணைவிடத் தலைமுறை முக்கியம். ஏழெட்டு வருடப் பழைய ஐ7ஐ விட இன்றைய ஐ5 வேகமானது.

பல வருட டேட்டாவை வைத்து பேக்டெஸ்ட் (ஒரு டிரேடிங் முறையைப் பழைய விலைகளில் சோதிப்பது) ஓட்டுபவர்கள் இதற்கு விதிவிலக்கு. நூற்றுக்கணக்கான அளவுருக்களை மாற்றி மாற்றிச் சோதிக்கும் வேலையில் ஒவ்வொரு கோரும் பயன்படும், நேரம் உண்மையிலேயே குறையும்.

வாங்கும்போது பிராசஸர் பெயரின் கடைசி எழுத்தைக் கவனியுங்கள். இன்டெல் டெஸ்க்டாப் பிராசஸரில் எண்ணுக்குப் பின்னால் 'எஃப்' என்று இருந்தால் உள்ளமைந்த கிராபிக்ஸ் கிடையாது. தனி கார்டு போடாவிட்டால் திரையில் எதுவுமே வராது.

ரேம் எவ்வளவு போடணும்?

16 ஜிபி. பிரவுசரில் சார்ட் பார்ப்பவர்களுக்கு 8 ஜிபி சீக்கிரமே நிறைந்துவிடும். ஒவ்வொரு சார்ட் டேபும் சில நூறு எம்பி எடுக்கும், இண்டிகேட்டர் (விலையை வைத்துக் கணக்கிட்டு சார்ட்டில் காட்டுபவை) ஏற ஏற அது கூடும். பேக்டெஸ்ட் செய்பவர்கள், மூன்று மானிட்டர் நிறையத் திறந்து வைப்பவர்கள் 32 ஜிபிக்குப் போகலாம். ஒரே குச்சியாகப் போடுவதைவிட ஒரே மாதிரி இரண்டு குச்சிகளாகப் போடுவது நல்லது. உள்ளமைந்த கிராபிக்ஸ் அந்த ரேமைத்தான் பகிர்ந்துகொள்கிறது, இரட்டைச் சேனலில் அது நன்றாக ஓடும்.

கிராபிக்ஸ் கார்டு கண்டிப்பா வேணுமா?

வேண்டாம். கேண்டில் சார்ட் வரைவது கேம் ஓட்டுவது போன்ற வேலை இல்லை. இன்றைய உள்ளமைந்த கிராபிக்ஸே இரண்டு மூன்று மானிட்டர்களைச் சிரமமில்லாமல் தாங்கும். நாலு மானிட்டர் என்றால் நாலு வெளியீடு உள்ள சாதாரண கார்டு ஒன்று போதும். அதில் ஃபேன் இல்லாத ரகம் கிடைத்தால் இன்னும் நல்லது, பழுதாக ஒரு பாகம் குறைவு.

எத்தனை மானிட்டர் இணைக்க முடியும் என்பதைத் துளைகளை எண்ணிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். மதர்போர்டு அல்லது லேப்டாப்பின் விவரக் குறிப்பில் 'ஒரே நேரத்தில் எத்தனை திரை' என்று தனியாகப் போட்டிருப்பார்கள். அதேபோல் 4கே மானிட்டரைப் பழைய எச்டிஎம்ஐ 1.4 வெளியீட்டில் மாட்டினால் வினாடிக்கு 30 முறைதான் திரை புதுப்பிக்கப்படும். மவுஸ் அம்புக்குறி இழுத்து இழுத்து நகர்வதைப் பார்த்துவிட்டு கம்ப்யூட்டர் ஸ்லோ என்று நினைத்துக்கொள்வார்கள். எச்டிஎம்ஐ 2.0 அல்லது டிஸ்ப்ளேபோர்ட்டில் மாட்டினால் அந்தத் தொல்லை போய்விடும்.

மானிட்டர் எத்தனை வச்சா நல்லது?

இரண்டு. ஒன்றில் சார்ட், இன்னொன்றில் ஆர்டர் புக்கும் (நீங்கள் போட்ட ஆர்டர்களின் பட்டியல்) பொசிஷனும். மூன்றாவதை வாங்குவதற்கு முன் அதில் என்ன போடப் போகிறீர்கள் என்று எழுதிப் பாருங்கள். எழுத வராவிட்டால் தேவையில்லை என்று அர்த்தம். 24 இன்ச்சுக்கு ஃபுல் எச்டி, 27 இன்ச்சுக்கு 1440பி இருந்தால் எழுத்து தெளிவாக இருக்கும். திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்தில் அல்லது சற்றுக் கீழே இருக்கட்டும். நாள் முழுக்க அண்ணாந்து பார்த்தால் கழுத்து பிடித்துக்கொள்ளும்.

'டிரேடிங் பிசி'ன்னே தனியா விக்கிறாங்களே, அது வாங்கலாமா?

உள்ளே இருக்கும் பாகங்கள் மற்ற கணினிகளில் இருப்பவைதான். சிலர் நாலைந்து மானிட்டருக்கான கார்டு, நல்ல பவர் சப்ளை, நீண்ட வாரண்டி எல்லாம் சேர்த்து ஒழுங்காகத் தருகிறார்கள். அது தேவைப்படுபவர்கள் வாங்குவதில் தப்பில்லை. 'இதில் ஆர்டர் வேகமாகப் போகும்' என்று சொல்லி விற்றால் மட்டும் விலகிவிடுங்கள். ஏன் என்பதை அடுத்த கேள்வியில் சொல்கிறேன்.

அப்போ கம்ப்யூட்டர் வேகமா இருந்தா ஆர்டர் சீக்கிரம் போகாதா?

நீங்கள் பட்டனை அழுத்தியதிலிருந்து ஆர்டர் சந்தைக்குப் போய்ச் சேரும்வரை எங்கெங்கே நேரம் செலவாகிறது என்று பாருங்கள். உங்கள் கணினி எடுத்துக்கொள்வது சில மில்லி வினாடி. வீட்டு வைஃபை நன்றாக இருந்தால் சில மில்லி வினாடி, நெரிசலாக இருந்தால் நூறையும் தாண்டும். ஒளி இழையில் சிக்னல் வினாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகிறது. ஆயிரம் கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சர்வருக்குப் போய்வர குறைந்தது 10 மில்லி வினாடி ஆகும். பிறகு புரோக்கரின் சர்வர் பணம், மார்ஜின் (பொசிஷனுக்குப் பிணையாக வேண்டிய தொகை) எல்லாம் சரிபார்க்க எடுக்கும் நேரம். இது எல்லாவற்றுக்கும் முன்னால், திரையில் விலை மாறியதைக் கண்ட மனிதனின் விரல் அசையவே 200 மில்லி வினாடிக்கு மேல் ஆகிவிடுகிறது.

இந்தக் கணக்கில் பிராசஸரை இரு மடங்கு வேகமாக்கினால் மிச்சமாவது இரண்டோ மூன்றோ மில்லி வினாடி. இணையத்தைச் சரிசெய்தால் அதைவிடப் பல மடங்கு மிச்சம்.

நெட் 100 எம்பிபிஎஸ் வச்சிருக்கேன், ஆனாலும் விலை நின்னு நின்னு வருதே?

டிரேடிங்குக்கு வேண்டிய டேட்டா மிகக் குறைவு, 10 எம்பிபிஎஸ் இருந்தாலே தாராளம். விலை நின்று நின்று வருவதற்குப் பெரும்பாலும் காரணம் தாமதத்தின் ஏற்ற இறக்கமும் தொலைந்துபோகும் பாக்கெட்டுகளும். கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து ரவுட்டருக்கு ஒரு பிங் (பதில் வர எத்தனை மில்லி வினாடி ஆகிறது என்று காட்டும் கட்டளை), வெளியே ஏதாவது பெரிய தளத்துக்கு ஒரு பிங், இரண்டையும் சில நிமிடம் ஓடவிடுங்கள். ரவுட்டர் வரைக்குமே எண் 2, 3, 180, 5, 240 என்று குதித்தால் கோளாறு வீட்டு வைஃபையில். ரவுட்டர் வரை சீராக இருந்து வெளியே குதித்தால் இணைய நிறுவனத்திடம் பேச வேண்டும்.

2.4 ஜிகாஹெர்ட்ஸ் வைஃபை அலைவரிசையில் பக்கத்து வீட்டு ரவுட்டர்கள், புளூடூத், மைக்ரோவேவ் அவன் எல்லாமே குறுக்கிடும். 5 ஜிகாஹெர்ட்ஸ் மேலானது, ஆனால் இரண்டு சுவர் தாண்டினால் சிக்னல் குறையும். அதனால்தான் கேபிள் போடச் சொல்கிறேன். கேட் 5இ கேபிள் 100 மீட்டர் வரை 1 ஜிபிபிஎஸ் தரும், எந்த வீட்டுக்கும் அது போதும். வீட்டில் யாராவது பெரிய வீடியோவை அப்லோடு செய்யும்போது மட்டும் சிக்கல் வருகிறது என்றால், ரவுட்டரில் கியூஓஎஸ் வசதியைத் திறந்து உங்கள் கணினிக்கு முன்னுரிமை கொடுங்கள்.

மேக் வாங்கினா டிரேடிங் பண்ண முடியுமா அண்ணா?

உங்கள் புரோக்கரின் மென்பொருள் பிரவுசரில் ஓடினால் தாராளமாக. விண்டோஸில் மட்டும் ஓடும் டர்மினல் என்றால் முதலிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள். வாங்கிய பிறகு மாற்றுவழி தேடுவது தினசரித் தலைவலி. எம்1, எம்2 சிப் உள்ள மேக்புக் ஏர் இயல்பாக ஒரே ஒரு வெளி மானிட்டரைத்தான் ஏற்கும். இரண்டு மானிட்டர் கனவோடு செகண்ட் ஹேண்டில் அதை வாங்குபவர்கள் ஏமாந்துபோகிறார்கள்.

செகண்ட் ஹேண்ட் ஆஃபீஸ் கம்ப்யூட்டர் நம்பி வாங்கலாமா?

வாங்கலாம். டெல் ஆப்டிபிளெக்ஸ், எச்பி எலைட்டெஸ்க், லெனோவோ திங்க்சென்டர் போன்றவை அலுவலகத்தில் நாள் முழுக்க ஓடுவதற்கென்றே செய்யப்பட்டவை. வாங்கும் இடத்திலேயே சிலவற்றைப் பார்த்துவிடுங்கள். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் எஸ்எஸ்டியின் ஆரோக்கிய சதவீதமும் எத்தனை மணி நேரம் ஓடியது என்பதும் தெரியும். பயாஸுக்குள் (விண்டோஸுக்கு முன் ஓடும் அடிப்படை மென்பொருள்) பாஸ்வேர்டு இல்லாமல் நுழைய முடிகிறதா, விண்டோஸ் 11க்குத் தகுதி உண்டா என்றும் பாருங்கள். எஸ்எஸ்டி எப்படி இருந்தாலும் நான் புதிதாக ஒன்று போட்டு, விண்டோஸைச் சுத்தமாக ஏற்றிவிட்டுத்தான் பயன்படுத்தச் சொல்வேன். முந்தையவர் உள்ளே என்ன விட்டுப் போனார் என்பது நமக்குத் தெரியாது.

நடுவுல கரண்ட் போயிட்டா என்ன பண்றது? யுபிஎஸ் எது வாங்கணும்?

600 விஏ என்று போட்டிருக்கும் சாதாரண யுபிஎஸ் பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும். விஏ எண்ணைப் பார்த்து ஏமாற வேண்டாம், வாட் எண்ணைப் பாருங்கள். கேமிங் கார்டு இல்லாத கணினியும் ஒரு மானிட்டரும் சேர்ந்து 100 முதல் 150 வாட் எடுக்கும். பொசிஷனை முடித்துவிட்டுக் கணினியை முறையாக அணைக்க நேரம் கிடைத்தால் போதும், யுபிஎஸ்ஸின் வேலை அதுதான். மணிக்கணக்கில் ஓட்ட வேண்டும் என்றால் லேப்டாப் அல்லது பெரிய இன்வெர்ட்டர். இன்வெர்ட்டரில் யுபிஎஸ் மோடு இருந்தால் அதைப் போட்டு வையுங்கள், சாதாரண மோடில் மாறும் நேரம் கூடுதல் என்பதால் கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகக்கூடும்.

எல்லோரும் மறப்பது ரவுட்டரை. கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருக்கும், இணையம் இருக்காது. ரவுட்டரையும், ஒளி இழையை வாங்கும் சின்னப் பெட்டியையும் சேர்த்து யுபிஎஸ்ஸில் மாட்டுங்கள். இரண்டும் சேர்ந்தே வெகு சில வாட்தான். லேசர் பிரிண்டரை மட்டும் அதில் மாட்டாதீர்கள், சூடாகும் தருணத்தில் அது இழுக்கும் மின்சாரம் யுபிஎஸ்ஸை விழுத்தாட்டிவிடும்.

யுபிஎஸ் பேட்டரி 3 முதல் 5 வருடம் வரும். சூடான மூலையில் வைத்தால் அதற்கும் குறைவு. இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை, சந்தை இல்லாத நாளில், சுவர் ஸ்விட்சை அணைத்து எத்தனை நிமிடம் தாங்குகிறது என்று பாருங்கள். புதிதில் 15 நிமிடம் தந்தது 4 நிமிடத்துக்கு இறங்கிவிட்டால் மாற்றும் நேரம் வந்துவிட்டது.

பொசிஷன் ஓபன்ல இருக்கும்போது சிஸ்டம் நின்னுட்டா என் ஸ்டாப் லாஸ் என்ன ஆகும்?

இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இது. ஸ்டாப் லாஸ் என்பது விலை எதிராகப் போய்க் குறித்த இடத்தைத் தொட்டால் பொசிஷனை மூடும் ஆர்டர். பதில், அந்த ஸ்டாப் லாஸ் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. அது ஆர்டராகவே புரோக்கரின் சர்வருக்கோ சந்தைக்கோ போய்விட்டிருந்தால், உங்கள் கணினி எரிந்துபோனாலும் அது வேலை செய்யும். உங்கள் கணினியில் ஓடும் மென்பொருள் விலையைப் பார்த்துக்கொண்டிருந்து, விலை வந்ததும் ஆர்டர் அனுப்பும் வகையாக இருந்தால், கணினி நின்ற நொடியே உங்களுக்கு ஸ்டாப் லாஸ் கிடையாது. உதாரணத்துக்கு, மெட்டாடிரேடர் என்ற டிரேடிங் மென்பொருளில் சாதாரண ஸ்டாப் லாஸ் சர்வரில் இருக்கும். ஆனால் அதன் டிரெய்லிங் ஸ்டாப் (விலை சாதகமாக நகர நகரக் கூடவே நகரும் ஸ்டாப் லாஸ்) உங்கள் டர்மினலில் ஓடுகிறது. டர்மினல் மூடினால் கடைசியாக நகர்த்திய இடத்திலேயே ஸ்டாப் நின்றுவிடும்.

உங்களுடையது எந்த வகை என்று ஊகிக்க வேண்டாம். மிகக் குறைந்த அளவில் ஒரு பொசிஷன் எடுத்து ஸ்டாப் லாஸ் போடுங்கள். கம்ப்யூட்டரை முழுதாக அணையுங்கள். ஃபோனில் புரோக்கரின் ஆப்பைத் திறந்து ஆர்டர் புக்கில் அது நிலுவையில் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் நிம்மதி.

ஃபோன் ஆப்பில் முன்கூட்டியே லாகின் செய்து, அதில் ஒரு பொசிஷனை மூடிப் பழகியிருக்க வேண்டும். அந்த ஃபோன் வீட்டு வைஃபையை நம்பாமல் மொபைல் டேட்டாவில் ஓட வேண்டும், முடிந்தால் வேறு நிறுவனத்தின் இணைப்பு. புரோக்கரின் அவசரத் தொலைபேசி எண்ணையும் உங்கள் கிளையண்ட் ஐடியையும் ஒரு தாளில் எழுதி மானிட்டர் அருகே ஒட்டுங்கள். அவை நின்றுபோன கம்ப்யூட்டருக்குள் இருந்து பயனில்லை.

'பை' அழுத்தினேன், ஸ்கிரீன் அப்படியே ஹேங் ஆயிடுச்சு. திரும்ப அழுத்தலாமா?

வேண்டாம். முதல் ஆர்டர் ஏற்கெனவே போயிருக்க வாய்ப்பு அதிகம், திரும்ப அழுத்தினால் இரட்டிப்பு ஆகும். மேலே சொன்ன ஃபோன் ஆப்பில் ஆர்டர் புக்கைப் பார்த்த பிறகே அடுத்த காரியம்.

இதில் இன்னொரு பொறி இருக்கிறது. கம்ப்யூட்டர் நின்றதும் பதற்றத்தில் ஃபோனில் பொசிஷனை மூடிவிடுவீர்கள், பழைய ஸ்டாப் லாஸ் ஆர்டர் சர்வரில் அப்படியே இருக்கும். அரை மணி கழித்து விலை அங்கே தொட்டால், அது எதிர்த்திசையில் புதிய பொசிஷனைத் திறந்துவிடலாம். சில தளங்களில் இரண்டும் பிணைந்திருக்கும், தானே ரத்தாகும். பலவற்றில் ஆகாது. பொசிஷனை மூடிய கையோடு நிலுவை ஆர்டர்களையும் ரத்து செய்யுங்கள்.

விண்டோஸ் அப்டேட்டை ஒரேயடியா ஆஃப் பண்ணிடலாமா? நடுவுல ரீஸ்டார்ட் ஆகுது.

ஆஃப் செய்யாதீர்கள், நேரத்தை மட்டும் உங்கள் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். அப்டேட் அமைப்புகளில் 'ஆக்டிவ் ஹவர்ஸ்' என்று இருக்கும். 18 மணி நேரம் வரை குறிக்கலாம், அந்த நேரத்தில் தானாக ரீஸ்டார்ட் ஆகாது. அதோடு 5 வாரம் வரை அப்டேட்டை நிறுத்திவைக்கலாம். வாரக் கடைசியில் சந்தை மூடிய பிறகு அப்டேட் செய்து, ரீஸ்டார்ட் செய்து, டர்மினலைத் திறந்து லாகின் ஆகிறதா என்று பார்த்துவிட்டு எழுந்திருங்கள்.

அப்டேட்டைத் தள்ளிப்போடுவதும் ஆபத்து, வந்த உடனே விழுந்தடித்துப் போடுவதும் ஆபத்து. 2017 மே மாதம் வானாகிரை என்ற வைரஸ் உலகம் முழுக்கக் கணினிகளைப் பூட்டியது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. மறுபக்கம், 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த ஒரு பழுதான அப்டேட் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை முடக்கியது. வாரக் கடைசிவரை பொறுப்பது இந்த இரண்டுக்கும் நடுவில் நியாயமான வழி. பயாஸ், டிரைவர் அப்டேட்டுகளை மட்டும் குறிப்பிட்ட ஒரு பிரச்சினையைத் தீர்க்கவோ பாதுகாப்புக் காரணத்துக்காகவோ தேவைப்பட்டால் போடுங்கள்.

ஓடிபி கோடு சரியா போட்டும் தப்புன்னு சொல்லுது, சில சமயம் சைட்டே திறக்க மாட்டேங்குது. ஏன்?

முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். ஆத்தென்டிகேட்டர் ஆப் காட்டும் ஆறு இலக்கக் கோடு நேரத்தை வைத்துக் கணக்கிடப்படுவது, வழக்கமாக 30 வினாடிக்கு ஒருமுறை மாறும். அந்த ஆப் இருக்கும் கருவியின் நேரம் ஒன்றிரண்டு நிமிடம் தள்ளியிருந்தாலே கோடு செல்லாது. ஃபோனிலும் கணினியிலும் நேரத்தைத் தானாக அமைத்துக்கொள்ளும்படி விட்டுவிடுங்கள்.

டெஸ்க்டாப்பை மின்சாரத்திலிருந்து பிடுங்கி மாட்டும் ஒவ்வொரு முறையும் தேதி பல வருடம் பின்னால் போகிறதா? அப்படியானால் மதர்போர்டில் காசு அளவில் உட்கார்ந்திருக்கும் சிஆர்2032 பேட்டரி தீர்ந்துவிட்டது. தேதி தப்பாக இருந்தால் பாதுகாப்புச் சான்றிதழ் காலாவதியானது போலவோ, இன்னும் தொடங்காதது போலவோ பிரவுசருக்குத் தெரியும், தளத்தைத் திறக்க மறுக்கும். அந்தச் சின்ன பேட்டரியை மாற்றினால் தீர்ந்தது.

காலைல நல்லா ஓடுது, மதியம் ஆனா ஸ்லோ ஆயிடுது. அலர்ட்டும் சில நேரம் வர்றதில்ல.

இரண்டு தனித்தனிக் காரணங்கள் இருக்கலாம். முதலாவது சூடு. பிராசஸர் 95, 100 டிகிரியை எட்டினால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். வெப்பநிலை காட்டும் மென்பொருளில் மதிய எண்ணைப் பாருங்கள். கூடுதலாக இருந்தால் மூடியைத் திறந்து உள்ளே படிந்த தூசியை ஊதுங்கள். ஊதும்போது ஃபேன் சுற்றாமல் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், வெறும் காற்றில் அதிவேகமாகச் சுற்றினால் அதன் பேரிங் கெடும். வருடக்கணக்கில் ஓடிய கணினியில் பிராசஸர் மேல் தடவிய தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கும், அதையும் புதுப்பித்தால் பத்து டிகிரிகூட இறங்கும்.

இரண்டாவது பிரவுசர். மணிக்கணக்கில் திறந்திருக்கும் சார்ட் டேப்கள் மெமரியைத் தின்றுகொண்டே போகும், மதிய இடைவெளியில் மூடித் திறந்தால் சரியாகும். அலர்ட் வராததற்கும் பிரவுசரே காரணமாக இருக்கலாம். குரோமில் மெமரி சேவர், எட்ஜில் ஸ்லீப்பிங் டேப்ஸ் என்ற வசதிகள் பின்னால் இருக்கும் டேபைத் தூங்கவைத்துவிடும். அமைப்புகளில் உங்கள் சார்ட் தளத்தை விதிவிலக்குப் பட்டியலில் சேருங்கள். தளம் அனுமதித்தால் அலர்ட்டைச் சர்வரிலேயே வைத்து ஃபோனுக்கு வரவைப்பது இன்னும் நம்பகமானது.

எதை எல்லாம் பேக்கப் எடுக்கணும்? பணமெல்லாம் புரோக்கர்கிட்டதானே இருக்கு?

பணம் அங்கே இருக்கிறது, உங்கள் வேலை இங்கே இருக்கிறது. சார்ட் லேஅவுட், டெம்ப்ளேட், எழுதிய இண்டிகேட்டர்கள், டிரேட் குறிப்பேடு, வரிக்கான கணக்குகள். இவற்றை வெளி டிரைவில் ஒன்று, கிளவுடில் ஒன்று வையுங்கள்.

இரண்டு பொருள்களை மட்டும் காகிதத்தில் வைக்கச் சொல்வேன். ஒன்று, இரண்டடுக்குப் பாதுகாப்பின் மீட்புக் கோடுகள், ஃபோன் தொலைந்தால் அவைதான் உள்ளே போக வழி. இன்னொன்று பிட்லாக்கர் மீட்புச் சாவி. விண்டோஸ் 11 பல கணினிகளில் கேட்காமலே டிஸ்க்கைக் குறியாக்கம் செய்துவிடுகிறது. மதர்போர்டு மாற்றினாலோ, சில சமயம் பயாஸ் அப்டேட் செய்தாலோகூட, 48 இலக்கச் சாவியைக் கேட்டு நிற்கும். அது உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். இன்றே பார்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

வீட்ல எல்லாரும் யூஸ் பண்ற கம்ப்யூட்டர்லயே டிரேட் பண்ணலாமா?

கூடாது என்பதே என் உறுதியான கருத்து. தனிக் கணினிக்கு வழியே இல்லையென்றால், நிர்வாகி உரிமை இல்லாத தனிப் பயனர் கணக்கு, டிரேடிங்குக்கு மட்டும் தனி பிரவுசர், அதில் எக்ஸ்டென்ஷன் எதுவும் இல்லாமல். திருட்டு மென்பொருள் ஒன்றுகூட அந்தக் கணினிக்குள் வரக்கூடாது. பாஸ்வேர்டையும் லாகின் குக்கீயையும் திருடும் நிரல்கள் அதிகம் வருவது அந்த வழியாகத்தான். குக்கீ போய்விட்டால் ஓடிபி இல்லாமலே உள்ளே நுழைய முடியும்.

'உங்கள் கணக்கில் பிரச்சினை, இந்த ஆப்பைப் போட்டு ஒன்பது இலக்க எண்ணைச் சொல்லுங்கள்' என்று யார் அழைத்தாலும் வைத்துவிடுங்கள். அது உங்கள் திரையை அவர்கள் கையில் கொடுக்கும் தொலை இயக்க மென்பொருள்.

நான் ஆல்கோ ஓட்டுறேன். விபிஎஸ் எடுத்தா இந்தத் தொல்லை எல்லாம் போயிடுமா?

ஆல்கோ என்பது தானே ஆர்டர் போடும் நிரல், விபிஎஸ் என்பது வேறிடத்தில் ஓடும் வாடகைக் கணினி. அதை எடுத்தால் மின்சாரமும் வீட்டு இணையமும் போகும் தொல்லை போகும். ஆல்கோ நாள் முழுக்க ஓட வேண்டியவர்களுக்கு விபிஎஸ் நல்ல முடிவு. கையால் ஆர்டர் போடுபவர்களுக்குப் பயன் குறைவு, ஏனென்றால் நீங்கள் விபிஎஸ்ஸைப் பார்ப்பதும் அதே வீட்டு இணையம் வழியாகத்தான்.

அங்கேயும் விண்டோஸ்தான் ஓடுகிறது என்றால் அப்டேட் பற்றி மேலே சொன்னது அப்படியே பொருந்தும். ரீஸ்டார்ட் ஆனால் டர்மினல் தானே திறந்து லாகின் ஆகுமா, பழைய பொசிஷனை உங்கள் நிரல் அடையாளம் காணுமா, இல்லை இன்னொன்று எடுத்துவிடுமா என்று சோதித்துப் பாருங்கள். ரிமோட் டெஸ்க்டாப்பைச் சாதாரணப் பாஸ்வேர்டோடு இணையத்துக்குத் திறந்துவிட்டால் சில மணி நேரத்திலேயே தானியங்கி நிரல்கள் கதவைத் தட்டத் தொடங்கும். நீண்ட பாஸ்வேர்டு, உங்கள் இணைய (ஐபி) முகவரியிலிருந்து மட்டும் அனுமதி, இரண்டும் கட்டாயம்.

எல்லாம் பண்ணியும் திடீர் திடீர்னு ரீஸ்டார்ட் ஆகுது. புதுசு வாங்கிடவா?

முதலில் காரணத்தைத் தேடுங்கள். விண்டோஸ் தேடலில் 'ரிலையபிலிட்டி' என்று ஆங்கிலத்தில் தட்டினால் ரிலையபிலிட்டி மானிட்டர் திறக்கும். எந்த நாளில் எது விழுந்தது என்று நாள்காட்டி போலக் காட்டும், அதிகம் பேர் திறந்தே பார்க்காத அருமையான கருவி. சிவப்புக் குறிகள் ஒரு மென்பொருளை நிறுவிய நாளிலிருந்து தொடங்கினால் அதை நீக்கிப் பாருங்கள். நீலத் திரை ஒவ்வொரு முறையும் வேறு வேறு காரணம் சொன்னால் ரேமைச் சந்தேகிக்கலாம். மெம்டெஸ்ட்86ஐ இரவு முழுக்க ஓடவிடுங்கள், ஒரே ஒரு பிழை காட்டினாலும் அந்தக் குச்சியை நம்பக்கூடாது. நீலத் திரையே வராமல் சட்டென்று கறுப்பாகி ரீஸ்டார்ட் ஆனால் பவர் சப்ளை, அல்லது மேலே சொன்ன தேய்ந்த யுபிஎஸ் பேட்டரி. யுபிஎஸ் இல்லாமல் நேரடியாகச் சுவரில் மாட்டி இரண்டு நாள் பார்த்தால் எது என்று பிரிந்துவிடும்.

காரணம் கண்டுபிடிக்கும்வரை அந்தக் கணினியில் பொசிஷன் எடுக்காதீர்கள், சார்ட் பார்க்க மட்டும் வையுங்கள். பவர் சப்ளை, ரேம், எஸ்எஸ்டி போனால் மாற்றலாம், அதற்காகக் கணினியையே மாற்ற வேண்டியதில்லை. மதர்போர்டு போனால், அல்லது பாதுகாப்பு அப்டேட் கிடைக்காத நிலை வந்தால் புதிது வாங்குங்கள். பழையதைத் தூக்கிப் போடாமல், இன்னும் ஓடும் நிலையில் இருந்தால் பிரவுசர் மட்டும் உள்ள லினக்ஸை ஏற்றி ஓரமாக வைத்திருங்கள். பிரவுசரில் டிரேட் செய்ய முடிகிறவர்களுக்கு அதுவே அவசரகால இரண்டாவது கணினி. மாதம் ஒருமுறை அதை இயக்கி அப்டேட் செய்து, லாகின் ஆகிறதா என்று பார்த்துவிட்டு அணைத்துவிடுங்கள்.